கடல் முள்ளெலி: பாசி தீர்ந்தபின் அது எதைத் தின்னும்?

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பாசி தீராத தலைவலி. கண்ணாடியில் படியும் பழுப்புப் படலத்தைச் சுரண்டினால் பாறையில் பச்சை முடி முளைக்கிறது. அதைப் பிடுங்கினால் அடுத்த வாரம் வேறொரு மூலையில் தலைகாட்டுகிறது. அப்போது மீன் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை இது: "ஒரு கடல் முள்ளெலியை வாங்கி விடுங்கள், எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும்." யோசனையில் தவறில்லை. ஆனால், எல்லாவற்றையும் தின்று தீர்த்த பிறகு அது எதைத் தின்னும் என்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

கடலில் முள்ளெலி பல ஆண்டுகள் வாழக்கூடிய உயிர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சிவப்பு முள்ளெலிகளில் சில நூறு வயதையும் தாண்டியவை என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் வெப்பக் கடல் இனங்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை என்றாலும், வாங்கிய நான்காம் ஐந்தாம் மாதத்தில் முள் உதிர்ந்து சாவது இயல்பான சாவு அன்று. "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள். தண்ணீரும் காரணமாகலாம்தான். ஆனால் தண்ணீரில் பெரிய பிழை இருந்தால் முள்ளெலி சில நாள்களிலேயே காட்டிவிடும். மாதக்கணக்கில் தேய்ந்து சாகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பட்டினியை.

தலையில்லாத உடல், ஐந்து பற்கள்

முள்ளெலியை ஆங்கிலத்தில் குறிக்கும் அர்ச்சின் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் நிலத்தில் வாழும் முள்ளெலிதான். மலாயில் லண்டாக் லாவுட், அதாவது கடல் முள்ளம்பன்றி. நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரிய வேண்டுமென்றால் ரம்புத்தான் பழத்தை நினைத்துக்கொள்ளலாம்.

உருண்டை உடலுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. வாய் அடியில், கழிவுத் துளை உச்சியில். பார்ப்பதற்கு நத்தை ஓடு போலத் தோன்றினாலும் அதன் ஓடு உண்மையில் உள்ளெலும்பு. அதன்மேல் உயிருள்ள மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. முட்களுக்கிடையே நூல் போன்ற நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் நீண்டு சுருங்கும். அவற்றின் நுனியால் பற்றிக்கொண்டுதான் அது கண்ணாடியில் ஏறுகிறது.

வாயில் ஐந்து பற்கள். அவற்றைத் தாங்கும் தாடை அமைப்புக்கு 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்று பெயர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் முள்ளெலியைப் பற்றி எழுதும்போது விளக்கோடு ஒப்பிட்டதால் வந்த பெயர் அது. இந்தப் பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும், சுண்ணாம்புப் பாறையையே சுரண்டும் வலிமை உள்ளவை. மீன் பாசியை நுனிப்புல் மேய்வதுபோல் மேயும். முள்ளெலியோ பாறையின் மேல்தோலோடு சேர்த்து வழித்துவிடும். ஆகவே, பாறைகள் மீது ஊதா நிறச் சுண்ணப்பாசி படர இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெருமைப்படுகிறவர், முள்ளெலி போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழுவதைப் பார்த்து மனம் நொந்துபோவார். தொட்டி கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக்காக இருந்தால் கீறலும் விழும். அக்ரிலிக் தொட்டிக்காரர்கள் இந்த உயிரினத்தை மறந்துவிடுவதே மேல்.

பவளத்திட்டுக்கு இது எவ்வளவு தேவை என்பதைக் கரீபியன் கடல் உலகுக்குக் காட்டியது. 1983 ஜனவரியில் பனாமா கரையில் நீள்முள் முள்ளெலிகள் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அந்த நோய் கரீபியன் முழுதும் பரவி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை மனிதர்கள் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் அடித்த புயலும் பவளங்களை நொறுக்கியிருந்தது. மேய்வதற்கு மிஞ்சியிருந்த முள்ளெலியும் போனதும் பாசி பாறைகளை மூடியது. 1970களின் பிற்பகுதியில் கடலடியில் பாதிக்கு மேல் பரவியிருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் நூற்றில் ஐந்து பங்குக்கும் கீழே போயிற்று.

எந்த இனம், எந்தத் தொட்டிக்கு

கடைகளில் எல்லாவற்றையும் 'அர்ச்சின்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். அவற்றுக்குள் உள்ள வேறுபாடு பூனைக்கும் புலிக்கும் உள்ளது.

நம் கடலிலேயே அதிகம் காணப்படுவது கறுப்பு நீள்முள் இனமான டயடீமா செட்டோசம். உச்சித் துளையைச் சுற்றி ஆரஞ்சு வளையமும் உடலில் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். கையின் நிழல் மேலே விழுந்தாலே போதும், முட்களை அந்தப் பக்கம் திருப்பிவிடும். பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் மேயும். பாசியை அழிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அதன் முள் ஓர் அடி நீளம்வரை வளரலாம். வீவக வீட்டு வரவேற்பறையில் இருக்கும் மூன்றடித் தொட்டியில் அதை விட்டால் அதற்கும் இடமில்லை, தொட்டியைக் கழுவும் கைக்கும் இடமில்லை. 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் இதை விடாமல் இருப்பது நல்லது. இடவசதி உள்ளவர்களுக்கு ஓர் அழகான சேர்க்கை உண்டு: இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்த பங்காய் கார்டினல் மீன்கள் இதன் முட்களுக்கிடையே ஒளிந்து வாழும் பழக்கமுள்ளவை.

சிறிய, நடுத்தரத் தொட்டிகளுக்கு ஏற்றது டக்சிடோ என்று விற்கப்படும் மெஸ்பிலியா குளோபுலஸ். நீல வெல்வெட் துணியை ஒட்டியது போன்ற பட்டைகள், குட்டை முட்கள். எலுமிச்சை அளவில் தொடங்கி ஆரஞ்சுப் பழ அளவுக்குள்ளேயே நின்றுவிடும். 120 லிட்டர் தொட்டிக்கு ஒன்று போதும். முதல் முறை வளர்ப்பவர் இதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான தொல்லைகள் குறைந்துவிடும்.

டிரிப்னியூஸ்டஸ் கிராட்டில்லா என்ற இனம் 15 சென்டிமீட்டர் வரை வளரும், அகோரப் பசிக்காரன். அந்நியப் பாசி பவளத்தை மூடிக்கொண்டிருந்த ஹவாயின் கனியோஹே விரிகுடாவில், அரசாங்கமே இதைக் குஞ்சு பொரித்து வளர்த்துப் பல லட்சக்கணக்கில் கடலில் விட்டுவருகிறது. சபாவின் செம்பூர்ணாவுக்குப் போனவர்கள் இதை வேறு வடிவில் பார்த்திருக்கலாம். பஜாவ் மக்கள் இதன் ஓட்டுக்குள் அரிசியை அடைத்து வேகவைக்கும் தெஹே-தெஹே அங்கே பெயர்பெற்ற உணவு. வீட்டுத் தொட்டியில் இதன் பசிக்கு ஈடுகொடுப்பது சிரமம்.

தடித்த பென்சில் போன்ற முட்கள் உள்ளவை பார்க்க அழகு. அவற்றில் சில பாசியோடு கடற்பஞ்சையும் பவளத்தையும் சேர்த்துத் தின்னும். பவளத் தொட்டிக்கு வேண்டாம். எக்கினோமெட்ரா இனம் பாறையில் குழி தோண்டி அதிலேயே உட்கார்ந்துவிடும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது பூ முள்ளெலி எனப்படும் டாக்சோப்னியூஸ்டஸ் பைலியோலஸ். உடல் முழுதும் இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்தது போலிருக்கும். அந்தப் 'பூக்கள்' ஒவ்வொன்றும் நஞ்சுள்ள குட்டி இடுக்கி. 1930களில் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் தம் விரலில் கொட்டுப்பட்டு, மூச்சுத் திணறலும் உதடு நாக்கு மரத்துப்போதலும் ஏற்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டிலும் இதற்கு இடமில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

நலமான முள்ளெலி கண்ணாடியையோ பாறையையோ இறுகப் பற்றியிருக்கும். முட்கள் விறைத்து நிற்கும், தொட்டால் அசையும். குழாய்க்கால்கள் நீண்டு தேடிக்கொண்டிருக்கும். மணலில் சும்மா கிடப்பதை, உச்சியில் வழுக்கை விழுந்ததை, தொட்டியின் அடியில் உதிர்ந்த முட்கள் கிடப்பதைப் பார்த்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக்கூடாது. கடைக்காரரிடம் ஒரு சோதனை கேட்கலாம்: தண்ணீருக்குள்ளேயே மெல்லப் புரட்டிப் போடச் சொன்னால், நலமானது தானாகவே திரும்பி நேராகிவிடும். எப்போது கடைக்கு வந்தது என்றும் கேளுங்கள். நேற்றுத்தான் வந்தது என்றால் ஒரு வாரம் கழித்துப் போய் அதே முள்ளெலியைப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வியைத் தன் தொட்டியிடம் கேட்க வேண்டும். தொட்டி அமைத்து ஆறு மாதமாவது ஆகியிருக்கிறதா? புதுத் தொட்டியில் மேய எதுவும் இல்லை, தண்ணீரும் நிலைகொண்டிருக்காது.

முள் பிளாஸ்டிக் பையைக் குத்திவிடும் என்பதால் வாளியில் அல்லது மூடியுள்ள டப்பாவில் கொண்டுவருவது நல்லது. வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டு நாசி லெமாக் வாங்கப் போகக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியில் போடுவது பெரிய பிழை. முள்ளெலியால் தன் உடல்நீரின் உப்பளவைத் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாது. சுற்றியுள்ள நீர் எப்படியோ உள்ளேயும் அப்படியே. கடைத் தண்ணீருக்கும் வீட்டுத் தண்ணீருக்கும் உப்பளவு வேறுபட்டால் அதன் உடல் அதிர்ச்சியடையும். மெல்லிய குழாயில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கலந்து, பிறகு விட வேண்டும்.

தண்ணீர், வெப்பம், செம்பு, புகை

உப்பின் ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்கட்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம்; நைட்ரேட் 10க்குக் கீழ். ஓடும் முள்ளும் சுண்ணாம்பால் ஆனவை என்பதால் பவளத்துக்கு வேண்டிய அதே அளவுகள் இதற்கும் வேண்டும்: கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 11 டிகேஎச், பிஎச் 8.1 முதல் 8.4. பவளம் நன்றாக வளரும் தொட்டியில் முள்ளெலிக்கென்று தனியாக எதையும் ஊற்ற வேண்டியதில்லை.

நம் நாடுகளில் உண்மையான சிக்கல் வெப்பம். தொட்டி நீர் 24 முதல் 27 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பிற்பகலில் தாமான் வீட்டு வரவேற்பறை 31 பாகையைத் தொடும், அதன்மேல் விளக்கும் மோட்டாரும் சூடேற்றும். வெந்நீரில் உயிர்வாயு குறைவு. சில்லர் வாங்க முடியாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியை ஓடவிடுகிறார்கள். அது இரண்டு மூன்று பாகை குறைக்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பளவு ஏறும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அன்று. எனவே குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. அதுவும் வடிகட்டிய ஆர்ஓ நீராக இருக்கட்டும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமைன் உண்டு. அது குளோரின் போல ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடாது.

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ நான்கு நாள் ஊருக்குப் போகிறவர்கள் மின்கட்டணத்தை நினைத்துச் சில்லரை நிறுத்திவிட்டுப் போவதுண்டு. திரும்பி வரும்போது மீன்கள் பிழைத்திருக்கும், முள்ளெலி பிழைத்திருக்காது.

செம்பு இதற்குக் கொடிய நஞ்சு. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். ஒருமுறை செம்பு மருந்து ஊற்றிய தொட்டியின் பாறையிலும் மணலிலும் அது தங்கிவிடும் என்பதால், பழைய தொட்டியை வாங்குகிறவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். நம் வீடுகளில் செப்புக்குடத்தில் நீர் பிடித்து வைக்கும் வழக்கம் உண்டு. குடிப்பதற்கு இருக்கட்டும், தொட்டிக்கு வேண்டாம்.

வளர்ப்பு நூல்களில் காணாத ஒன்று டெங்கி புகையடிப்பு. கொசுவைக் கொல்லும் பைரித்திராய்டு மருந்துகள் நீர்வாழ் உயிரினங்களுக்கு, அதிலும் முதுகெலும்பில்லாதவற்றுக்கு, மிகுந்த கேடு விளைவிப்பவை. வட்டாரத்தில் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் சன்னல்களை அடைத்து, தொட்டியை ஈரத்துணியால் மூடி, அறைக் காற்றை இழுத்து நீருக்குள் விடும் காற்றுப் பம்பைப் புகை அடங்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். நீரைச் சுழற்றும் மோட்டார் மட்டும் ஓடட்டும்.

பசியைக் கண்டுபிடிப்பது

முள்ளெலி பசிக்கிறது என்று சொல்லாது. மீனைப் போலக் கண்ணாடி அருகே வந்து வாலாட்டாது. ஆனால் ஒரு குறி உண்டு. நன்றாகத் தின்னும் முள்ளெலி உச்சித் துளை வழியாகக் கடுகு போன்ற சிறு உருண்டைகளை இட்டுக்கொண்டே இருக்கும். காலையில் மணலில் அந்த உருண்டைகள் குறைந்துவிட்டால் தொட்டியில் பாசி தீர்ந்துவருகிறது என்று பொருள். பச்சைப்பாசி முழுதும் போய், சுண்ணப்பாசி மீது வெள்ளைக் கோடுகள் பெருகுவது அடுத்த கட்டம். அதன் பிறகுதான் முள் உதிரும். முள் உதிர்ந்த பிறகு விழித்துக்கொள்வது பலமுறை காலங்கடந்ததாகிவிடுகிறது.

எனவே பாறை பளிச்சென்று ஆன நாளிலிருந்து சோறு போட வேண்டும். எளிதில் கிடைப்பது நோரி எனும் காய்ந்த கடற்பாசித் தாள். பேரங்காடியில் சுஷி செய்ய விற்கும் சுவையூட்டாத தாளாக அது இருக்க வேண்டும். பிள்ளைகள் கொறிக்கும் எண்ணெயும் உப்பும் தடவிய சிறு பாக்கெட்டைப் பிரித்துப் போட்டால் நீரின்மேல் எண்ணெய்ப் படலம்தான் மிஞ்சும். உள்ளங்கையில் பாதி அளவுத் துண்டை ஒரு கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி, விளக்கு அணைந்தபின் முள்ளெலியின் பக்கத்தில் வைக்கலாம். டக்சிடோவுக்கு வாரம் மூன்று முறை போதுமானது. பெரிய இனங்களுக்கு அன்றாடம். தின்னாமல் மிஞ்சியதை மறுநாள் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அதுவே அழுகிப் பாசிக்கு உரமாகும். காய்ந்த கெல்ப்பும் மூழ்கும் பாசி உருண்டைகளும் மாற்றாகும். கீரை, வெள்ளரித் துண்டு போடுபவர்களும் இருக்கிறார்கள். கடற்பாசிக்கு அவை ஈடாகா.

தொட்டிக்குள் இது ஒரு குட்டி புல்டோசர். ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளை உருட்டிவிட்டுப் போகும். அதோடு நில்லாமல், சில இனங்கள் கிளிஞ்சல், கல், சில வேளைகளில் விலைகொடுத்து வாங்கிய பவளத் துண்டு ஆகியவற்றைத் தலைமேல் சூடிக்கொண்டு திரியும். இந்த வழக்கத்தைக் காண மீன் கடைக்கே போக வேண்டியதில்லை. நீர் வற்றிய வேளையில் சிங்கப்பூரின் சாங்கி, செக் ஜாவா கரைகளில் சல்மாசிஸ் முள்ளெலிகள் கிளிஞ்சலும் கடற்புல்லும் சூடி உட்கார்ந்திருக்கும். பவளத்தை முன்கூட்டியே பசையால் ஒட்டிவிட்டால் சண்டை இல்லை. டிரிகர் மீன், பேத்தை மீன், பெரிய ராஸ் மீன்கள் உள்ள தொட்டியில் முள்ளெலி அவற்றுக்கு விருந்து.

இடம் மாற்ற நேர்ந்தால் பிடித்து இழுக்கக்கூடாது. இறுகப் பற்றியிருக்கும் குழாய்க்கால்கள் அறுந்துவிடும். நீருக்குள்ளேயே ஒரு பக்கமாக மெல்ல நெம்பினால் சிறிது நேரத்தில் பிடியை விடும். ஒரு நாள் தொட்டி நீர் திடீரென்று பால் கலந்ததுபோல் வெளுத்தால் அது இனப்பெருக்க அணுக்களை வெளியிட்டிருக்கலாம். நீரைப் பகுதியாக மாற்றி, கரித்தூள் வடிகட்டியைப் போட்டு, காற்றோட்டத்தைக் கூட்டினால் போதும். இறந்துவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும்; அழுகும் உடல் வெளியிடும் அமோனியா மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும்.

முள் குத்தினால், தெரியும் துண்டுகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய அளவுச் சுடுநீரில், சுமார் 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அந்தப் பகுதியை வைத்திருந்தால் வலி தணியும். கல்லால் தட்டி உள்ளே நொறுக்கும் பழைய வைத்தியம் வேண்டாம். டயடீமா குத்திய இடத்தில் கறுப்புச் சாயம் இரண்டொரு நாள் தெரியும். அது முள்ளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மூட்டில் குத்தினாலோ, வீக்கம் ஏறினாலோ, மூச்சு முட்டினாலோ மருந்தகத்துக்குப் போகத் தாமதிக்கக்கூடாது.

கடலிலிருந்து எடுப்பதும், கடலில் விடுவதும்

கடைகளில் விற்கும் முள்ளெலிகளில் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடித்து வரப்பட்டவை. காசு மிச்சம் என்று தாமே பிடிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். தியோமான், ரெடாங், பாயார் தீவுகளைச் சுற்றியுள்ளவை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் அமைந்த கடல் பூங்காக்கள்; அங்கே உயிரினங்களை எடுப்பது குற்றம். சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவிலும் கைவைக்க முடியாது.

வளர்ந்து பெரிதாகி இடம் போதாமல் போனால் போர்ட்டிக்சன் கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைப்பதும் ஆபத்து. 2022 தொடக்கத்தில் கரீபியனில் நீள்முள் முள்ளெலிகள் மறுபடியும் கூட்டமாகச் சாகத் தொடங்கின. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குற்றிழை நுண்ணுயிர் என்று 2023இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அடுத்து மத்தியதரைக் கடலிலும் செங்கடலிலும் செத்து விழுந்தது டயடீமா செட்டோசம், அதாவது நம் கரையோரம் வாழும் அதே இனம். பல நாட்டு மீன்களும் பாறைகளும் ஒன்றாகக் கலந்த வீட்டுத் தொட்டியிலிருந்து ஓர் உயிரைக் கடலில் விடும்போது அதனோடு வேறு என்னென்ன போகிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பெரிதானபின் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கேட்டு வைப்பது நல்லது. பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.